அப்பாவுக்கு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று நம் பக்கத்து ஊர்களில், இந்த நோய் வந்த அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகன். ஓபி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதும், உறவுக்காரர்கள் போன் போட்டுக் கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்ற விஷயங்களில் எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது: நோய் அப்பாவுடையது, ஆகவே அவரை ஒதுக்கி வைத்துவிட்டு நாம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கீழே உள்ள பதில்களில் இது அடிக்கடி வரும்.

எலும்புக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

செய்வதற்கு நிறைய இருக்கிறது. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று எலும்புக்குத்தான் போகும். இந்தக் கட்டத்தில் அடியோடு குணமாக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அடக்கி வைக்க முடியும். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் 1941இல் காட்டினார், அதற்காக 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். அதன்மேல் புது மாத்திரைகள், கீமோ, எலும்புக்கு ஊசி, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிய பிறகும் பல வருஷம் நடமாடிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

"எத்தனை நாள்?" என்பதற்கு யாராலும் தேதி சொல்ல முடியாது. "மாசக் கணக்கா, வருஷக் கணக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்கும்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?

சொல்லுங்கள். எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் டாக்டர் மகனை வெளியே கூப்பிட்டுச் சொல்வதும், மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து "சின்னக் கட்டிதான் நைனா, ஊசி போட்டா சரியாப் போயிடும்" என்பதும் வழக்கம். பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் புற்றுநோய்ப் பிரிவு என்று போர்டு மாட்டிய வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, சுற்றிலும் முடி கொட்டியவர்களைப் பார்க்கிறவருக்கு, தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கும், கேட்கத்தான் முடியாது. நாம் மறைக்கிறோம் என்று புரிந்துகொண்டு, நமக்காக அவரும் தெரியாதவர் மாதிரி இருப்பார். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, "டாக்டர் சில விஷயம் சொல்லியிருக்காரு நைனா, உனக்கு எவ்வளவு தெரியணும்?" என்று ஆரம்பியுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் "எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத, நீயே பாத்துக்க" என்பார்கள். சரி, அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதியுங்கள். சில வாரம் கழித்து அவரே கேட்கக்கூடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம். உங்களால் சொல்ல முடியாது என்றால், "அப்பா இருக்கும்போதே சொல்லுங்க" என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. உடைவார், சில நாள் சாப்பிடமாட்டார். அதன்பிறகு பட்டா யார் பேரில் இருக்கிறது, பாங்கில் நாமினி போட்டாச்சா, யாருக்குக் கைமாத்துக் கொடுத்தது வரவில்லை, தங்கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரே பேச ஆரம்பிப்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். மறைத்து வைத்தால் அந்த வேலைகளை முடிக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போகிறது.

ஊசி போடுவதா, விதை எடுக்கும் ஆபரேஷனா? இரண்டும் ஒன்று என்கிறார்களே?

நோயை அடக்குவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கின்றன. ஆண் ஹார்மோனில் பெரும் பங்கு விதையில்தான் சுரக்கிறது. லூப்ரோலைடு, கோசெரலின், டெகரெலிக்ஸ் போன்ற ஊசிகள் அந்தச் சுரப்பை நிறுத்துகின்றன. மருந்தைப் பொறுத்து மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ தவறாமல் போட வேண்டும். ஆபரேஷன் என்றால் ஒருமுறையோடு முடிந்தது, ஊசித் தேதியைத் துரத்தும் வேலை இல்லை, மொத்தச் செலவும் குறைவு. ஆனால் செய்ததைத் திருப்ப முடியாது.

கூலி வேலை, பீடி சுற்றுகிற வேலை என்று இருக்கும் குடும்பங்கள் பணத்தை நினைத்து ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மகன்கள் கூடிப் பேசி முடித்துவிட்டு, அப்பாவிடம் கையெழுத்து மட்டும் வாங்குவது சரியில்லை. எழுபத்தைந்து வயசு ஆளுக்கு இனி அது எதற்கு என்று நாம் நினைப்போம். அவருக்கு அது தன் உடம்பு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எவ்வளவு செலவு என்று டாக்டர் அவரிடமே சொல்லட்டும். "செலவப் பத்தி நீ யோசிக்காத, உனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சில ஊசிகளில் முதல் சில நாள் ஹார்மோன் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதற்காக ஆரம்பத்தில் கொஞ்ச காலம் பைகலூட்டமைடு மாத்திரை தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராட்டிரோன் மாத்திரை எழுதியிருந்தால் வெறும் வயிற்றில் போட வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. அதோடு தரும் பிரெட்னிசோலோனை "ஸ்டீராய்டாமே" என்று பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பிபியும் ரத்தத்தில் பொட்டாசியமும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

பிஎஸ்ஏ கொஞ்சம் ஏறிவிட்டது. அவ்வளவுதானா?

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், ரத்தப் பரிசோதனையில் அதன் அளவைப் பார்ப்பார்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். வரிசையாக எப்படிப் போகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, ஸ்கேனில் என்ன தெரிகிறது, வலி கூடியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார். ஹார்மோன் அடங்கியிருக்கும்போதே பிஎஸ்ஏ தொடர்ந்து ஏறினால், அடுத்த மருந்துக்கு மாறும் நேரம் என்று பொருள். ரிப்போர்ட் வந்த அன்று வீடே எழவு வீடு மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்பா நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்திருப்பார். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி ஆரம்பித்த பிறகு அப்பா ஆளே மாறிவிட்டார். எரிந்து விழுகிறார், சில நேரம் அழுகிறார்.

ஹார்மோன் போனால் உடம்பு மட்டும் மாறுவதில்லை, மனசும் மாறும். உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று சூடு ஏறி வேர்த்துக் கொட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும்போது வருகிற அதே சூடுதான், அம்மாவுக்கு இது சொல்லாமலே புரியும். அசதி இருக்கும், தசை குறையும், வயிறு போடும், மார்பு லேசாகப் பெருக்கலாம், எலும்பு தேயும், சர்க்கரை ஏறலாம்.

நம் ஊர் வெயிலில் இந்தச் சூட்டைத் தாங்குவது கஷ்டம். அக்னி நட்சத்திரம் நடக்கும் மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சகஜம். மதியத்தில் தகர ஷீட் போட்ட அறையில் படுக்க வைக்காதீர்கள். பருத்தி வேட்டி, ஈரத் துண்டு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் சொம்பு இருக்கட்டும். ராத்திரி மாற்றிக்கொள்ள ஒரு பனியனைத் தலைமாட்டில் மடித்து வையுங்கள். தாங்க முடியாவிட்டால் இதற்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்கலாம்.

அசதிக்கு நல்ல மருந்து நடைதான். வேலூர்க்காரர்கள் என்றால் காலையில் கோட்டைப் பக்கம், கிராமம் என்றால் ஏரிக்கரை, முடிந்த தூரம் போகட்டும். குடம் தூக்குவது, மூட்டை நகர்த்துவது மட்டும் வேண்டாம்.

தாம்பத்திய ஆசை போய்விடும். இதைப் பிள்ளைகள் பேச முடியாது, பேசவும் வேண்டாம். ஆனால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க ஐந்து நிமிஷம் வழி செய்துவிட்டு நீங்கள் வெளியே இருங்கள். வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

வலி இருக்கிறதா என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றே சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

வாயைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள். கட்டிலிலிருந்து எழும்போது சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறாரா? திண்ணையில் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்காருகிறாரா? டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டாரா? ராத்திரி புரண்டு படுக்காமல் ஒரே பக்கமாகக் கிடக்கிறாரா? இவை எல்லாமே வலிதான்.

பத்துக்கு எத்தனை என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். பழைய ஆட்களுக்கு அது பிடிபடாது. "ரூபாய்க்கு எத்தனை அணா வலி நைனா?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப நாலணா, ராத்திரி பன்னெண்டணா இருந்துச்சு" என்று சட்டென்று சொல்வார்கள். அதை ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்தால் டாக்டருக்கு அதைவிட உதவி வேறில்லை.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், சிறுநீரகம் கெடும். எலும்பில் ஒரே இடத்தில் குடைகிறது என்றால் அங்கே கரண்ட் வைப்பது நல்ல பலன் தரும், பல பேருக்கு ஒரே ஒரு தடவை வைத்தாலே போதும். முதல் ஓரிரு நாள் வலி கொஞ்சம் கூடலாம், முழுப் பலன் தெரியச் சில வாரம்கூட ஆகலாம்.

வலிக்கு மார்பின் (morphine) என்ற மருந்து எழுதியிருக்கிறார்கள். போதை மருந்துதானே, பழகிவிடாதா?

புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். கடைசிக் கட்டத்தில்தான் கொடுப்பார்கள் என்பதும் தப்பு. வலி எப்போது கடுமையாகிறதோ அப்போதே கொடுக்கலாம், வலி குறைந்தால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். கொடுத்தால் மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் முதல் நாளிலிருந்தே பேதி மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டதால் வலியைவிட மலச்சிக்கலில் அதிகம் அவதிப்பட்டவர்கள் உண்டு. ஆரம்பத்தில் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும்.

1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் கிடைப்பது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி நோயாளிகளுக்குக் கிடைக்க வழி செய்தார்கள். ஆனாலும் எல்லா மெடிக்கலிலும் இருக்காது, வலி நிவாரணப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். வேலூர் சிஎம்சியில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. மாத்திரை தீரும் வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்னாலேயே போய் வாங்குங்கள்.

எதற்கெல்லாம் ராத்திரி என்றும் பாராமல் ஓட வேண்டும்?

முதலாவது, கால். முதுகு வலி திடீரென்று கூடி, கால் தொய்கிறது, மரத்துப் போகிறது, நடக்கும்போது தடுமாறுகிறது, சிறுநீர் அடைத்துக்கொள்கிறது அல்லது மலமும் சிறுநீரும் தெரியாமலே போய்விடுகிறது என்றால், முதுகெலும்பில் உள்ள கட்டி தண்டுவடத்தை நெரிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அன்றைக்கே எம்ஆர்ஐ எடுத்து, ஸ்டீராய்டு கொடுத்து, கரண்டோ ஆபரேஷனோ செய்தால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். கால் முழுக்க விழுந்த பிறகு போனால் திரும்ப நடப்பது அரிது. "பலவீனம்தான், ரிவ்யூ திங்கட்கிழமை இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, முதுகை மடக்காமல் படுக்க வைத்தே கொண்டுபோங்கள்.

இரண்டாவது, கீமோ போட்டவருக்குக் காய்ச்சல். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், உடனே கிளம்புங்கள். மூன்றாவது, சிறுநீர் முழுக்க நின்று அடிவயிறு கல் மாதிரி ஆவது. கீழே விழுந்து எழ முடியாமல் போனாலும், திடீரென்று குழப்பமாகப் பேசினாலும் காத்திருக்கக் கூடாது.

சிறுநீர் போக டியூப் போட்டு, பை மாட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். கட்டிலில் மேலே தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும். தரையிலும் படக் கூடாது, கட்டில் சட்டத்தில் ஒரு கொக்கி போட்டு மாட்டுங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா என்று ராத்திரி ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பை முக்கால் ஆவதற்குள் காலி செய்ய வேண்டும், முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். குளிக்கும்போது டியூப் உள்ளே போகும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டெட்டால் ஊற்றாதீர்கள். குளிர் காய்ச்சல் வந்தாலோ பையில் சில மணி நேரம் ஒன்றும் இறங்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்றச் சொன்ன தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

வெளியே போகத் தயங்குவார். வேட்டிக்குள் தொடையில் கட்டிக்கொள்ளும் சின்னப் பை கிடைக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக்கூடப் போய் வரலாம், யாருக்கும் தெரியாது.

நான் வேலைக்குப் போய்விடுகிறேன், வீட்டில் மருமகள்தான். மாமனாருக்கு எப்படிக் குளிப்பாட்டுவது?

இதை நிறைய வீடுகளில் வெளியே சொல்லாமல் தவிக்கிறார்கள். மாமனாருக்கும் கூச்சம், மருமகளுக்கும் கூச்சம். கூச்சத்தினால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார், பின்னாலேயே நீர்க்கடுப்பு வரும். உடம்பு துடைப்பதும் டியூப் பார்ப்பதும் மகன்களின் வேலை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒன்று, ராத்திரி வந்த பிறகு ஒன்று. இடையில் அம்மாவால் முடிந்தால் அம்மா. இல்லையென்றால் தெருவில் தெரிந்த ஆண் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். யார் செய்தால் தனக்குச் சங்கடம் இல்லை என்று அப்பாவிடமே கேட்டுவிடுங்கள். மருமகள் சமையலும் மருந்தும் பார்க்கிறாள் என்றால் அதுவே பெரிய வேலை.

குந்தி உட்கார்ந்து போகும் கக்கூஸ் என்றால் நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள். தேய்ந்த எலும்பு ஒரு தடவை வழுக்கினாலே முறிந்துவிடும். படுத்த படுக்கை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், காற்று மெத்தை வாடகைக்கும் கிடைக்கிறது.

சாப்பாட்டில் எதை விலக்க வேண்டும்? கறி, முட்டை கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். தசை கரையும் நேரத்தில் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல். கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் அவருக்குப் பிடித்தால் அதைவிட நல்லது என்ன இருக்கிறது. "சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று பட்டினி போடாதீர்கள், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அதற்குரிய அளவு பாருங்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எழுதியிருந்தால் தவறாமல் கொடுங்கள். எலும்புக்கு ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுகிறவர் என்றால் முதலிலேயே பல்லைக் காட்டிவிட வேண்டும். ஊசி ஓடும்போது புற்றுநோய் டாக்டருக்குச் சொல்லாமல் பல் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

சில நாள் இரண்டு வாய்தான் இறங்கும். தட்டு நிறையப் போட்டு எதிரில் உட்கார்ந்து கெஞ்சினால் அவருக்குக் குற்ற உணர்ச்சிதான் வரும். கொஞ்சமாக, நாலைந்து தடவை கொடுங்கள்.

நாட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

சொல்கிறவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். மரப்பட்டை, பஸ்பம், கஷாயம் என்று ஏதாவது ஒரு ஊர் பேர் வராத வீடே இல்லை. பஸ்பங்களில் உலோகம் இருக்கலாம், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கலாம், மாத்திரையோடு முட்டிக்கொள்ளலாம். அப்பாவே ஆசைப்பட்டால் பேரையும் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அதற்காக ஊசியை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

மற்றவர்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். பேரனைத் தாராளமாக மடியில் உட்கார வைக்கலாம். எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்ட அன்று மட்டும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? செலவுக்கு என்ன வழி?

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வட இந்தியாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறவர்கள் தேடி வரும் சிஎம்சி நமக்குப் பஸ் தூரம். நகரத்து வளாகத்தோடு இப்போது இராணிப்பேட்டை வளாகமும் இருக்கிறது, சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே உள்ள அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை. பெரிய சிகிச்சையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, மாதா மாதம் ஊசியை ஊருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், பல பேருக்கு ஒத்துக்கொள்கிறார்கள். அலைச்சல் பாதி குறையும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போக வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்துவிட்டதால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர்காரர்கள் இராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். எந்த ஊசி, எந்த மாத்திரை அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைந்த ஊர்க்காரர்கள் முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஹெச்எஸ் அட்டையை மறந்துவிடாதீர்கள். அபிராட்டிரோன் போன்ற மாத்திரைகளில் கம்பெனிக்குக் கம்பெனி விலை பெரிதும் வேறுபடும், "இதே மருந்து வேற கம்பெனியில எழுத முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாத நிலை வந்தால், 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்து வையுங்கள்.

அண்ணன் பெங்களூரில், தங்கை சென்னையில். எல்லாம் என் தலையில். என்னால் முடியவில்லை.

முடியவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். தூரத்தில் இருப்பவர்களிடம் "நீயும் கொஞ்சம் பாத்துக்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. "மாத்திரைச் செலவு உன்னுடையது", "ஊசி வாரத்தில் இரண்டு நாள் நீ லீவு போட்டு வரணும்" என்று வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வந்து பார்த்துவிட்டு "ஏன் இப்படி இளைச்சிட்டாரு?" என்று கேட்டுவிட்டுப் போகிற உறவுக்கு, அடுத்த ரிவ்யூவுக்குக் கூட வரும்படி அழைப்பு வையுங்கள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்குங்கள். உங்கள் பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை அப்பாவுக்குச் செலவு செய்வதில் யாருக்கும் லாபமில்லை.

கடைசி நாட்களில் ஐசியுவில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

இதை அப்பா தெளிவாக இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். "ரொம்ப முடியாமப் போனா மெஷின்ல வைக்கணுமா நைனா, வீட்லயே இருக்கணுமா?" என்று கேட்க வாய் வராது. ஆனால் கேட்காமல் விட்டால், அந்த ராத்திரியில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் முடிவு செய்வார். செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ கையெழுத்துப் போட்டால் போதும்.

வீட்டில் என்றால் வலி மருந்து கையில் இருக்க வேண்டும், கூப்பிட ஒரு டாக்டர் அல்லது நர்ஸ் எண் இருக்க வேண்டும். அந்த நாட்களில் பசி போய்விடும். ஊட்டியே ஆக வேண்டும் என்று சங்கில் ஊற்றாதீர்கள், புரையேறும். ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் துடைத்துக்கொண்டிருந்தால் போதும். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கலாம் என்று செவிலியர்கள் சொல்வார்கள், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், நிலத் தகராறை மட்டும் அந்த அறையில் பேசாதீர்கள்.

அப்பாவுக்கு வந்ததால் எனக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்றில்லை. ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு உண்டு. 45 வயசிலிருந்து பிஎஸ்ஏ பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள், குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் 40லேயே பேசலாம். பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு சில குடும்பங்களில் இந்த நோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் காரணமாக இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு மரபணுச் சோதனை தேவையா என்று கேளுங்கள், இருப்பது தெரிந்தால் அக்கா தங்கைகளுக்கும் சொல்லுங்கள். ராத்திரி பல தடவை சிறுநீர் கழிக்க எழுவது வயசானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கமாகவும் இருக்கலாம், ஆனால் சிறுநீரில் ரத்தம் வந்தாலோ முதுகு வலி விடாமல் இருந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். அப்பாவின் அடுத்த ரிவ்யூவுக்குக் கூடப் போகும் நாளில் உங்கள் பேருக்கும் ஒரு சீட்டு போட்டுவிடுங்கள்.